ஏழாம் நாள் நடை

தீர்த்தம்மாள் அத்தையைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சர்க்கரைப் புண் ஆறாமல் போய், போன புரட்டாசியில் எடுத்துவிட்டார்கள். மீதியிருந்த பாதத்தைத் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் செம்மண் நிறமாகவே வடிந்தது. குதிகால் வெடிப்புக்குள் வருஷக்கணக்காக இறங்கிப்போன மண்.

தலைமாட்டில் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி, "விடு சோபனா. அந்தக் காலு இனி எங்க போயி நிக்கப்போவுது" என்றாள்.

பாஞ்சாலியின் மகள் தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு கிடந்தபோது ஏழு நாள் நடந்தது அந்தக் கால்தான். என் கணவருக்காகவும் நடந்தது. சுற்றி நின்ற ஆறேழு பெண்களில் யார் வீட்டுக்காக அது நடக்கவில்லை என்று கேட்டால் ஒருத்தியும் கை தூக்க முடியாது.

எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கரடு, அதன் அடியில் கொஞ்சம் சமதரை. அங்கேதான் ஏழு சுத்துக் கோட்டை இருக்கிறது. கோட்டை என்றால் சுவர் எதுவும் கிடையாது. தேங்காய் அளவுக் கற்களைத் தரையில் வரிசை வரிசையாக வைத்து வட்டமாகச் சுற்றியிருக்கிறார்கள். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே வாசல், ஒரே பாதை, ஒரு அடி அகலம். அது வலப்பக்கமாகப் போகும், திரும்பி இடப்பக்கமாக வரும். நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி வெளிச்சுற்றுக்குத் தள்ளிவிடும். ஏழு சுற்றும் முடிந்த பிறகே நடுவில் கொண்டு நிறுத்தும். கிளை வழி இல்லாததால் உள்ளே யாரும் வழி தவற முடியாது. கல்லைத் தாண்டினால்தான் தவறும்.

ஊரில் யாராவது பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தால், அவருக்காக ஒருவர் ஏழு நாள் அதில் நடப்பார். நோயாளி வீட்டு வாசலில் பொறுக்கிய ஒரு சின்னக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், ஒரு பாதத்தின் குதி இன்னொரு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி அடிமேல் அடி வைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நோயாளியின் பேரை மனதுக்குள் சொல்ல வேண்டும். நடுவில் கல்லை வைத்துவிட்டு வந்த வழியே அதேபோல் திரும்ப வேண்டும். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நடப்பவர் வாய் திறக்கக் கூடாது. வெளியே இருப்பவர்கள் அவரைக் கூப்பிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், நோயாளியின் ரத்த சொந்தம் நடக்கக் கூடாது. பெற்றவளோ பிள்ளையோ உள்ளே போனால் நடுவுக்குப் போய்ச் சேரும் அவசரம் வந்துவிடும், கால் கோணிவிடும், அது படுத்திருப்பவரின் உயிருக்கு ஆகாது என்பார்கள். வெளியாள்தான் நடக்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷமாக அந்த வெளியாள் தீர்த்தம்மாள் அத்தை.

அவர் எனக்கும் அத்தை இல்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான். இண்டூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் அர்ச்சுனன், கர்நாடகத்தில் கல் உடைக்கப் போன இடத்தில் பாறை சரிந்து செத்துப்போனார். அப்போது மகன் முருகேஷுக்கு இரண்டு வயது. அர்ச்சுனனின் பெற்றோர் முன்பே போய்விட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் ஊரில் மகனைத் தவிர யாருக்கும் அத்தை ரத்த சொந்தமில்லை. யாருக்காகவும் நடக்கலாம். முதலில் யாரோ ஒருவர் கேட்டார்கள், நடந்தார். அடுத்தவர் கேட்டார்கள். பிறகு கேட்பதுகூட நின்றுபோய், வாசற்கல்லைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு வழக்கமாகிவிட்டது. புளி தட்டும் பருவத்தில் காலை முதல் பொழுது சாயும்வரை புளி மண்டியில் குந்தி உட்கார்ந்து கொட்டை நீக்கிவிட்டு, நிமிர்த்த முடியாத முதுகோடு அப்படியே கோட்டைக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற மாதங்களில் தக்காளி பறிப்பு, நூறு நாள் வேலை. அதற்கு நடுவில் இந்த நடை.

ஒருமுறை நான் கேட்டேன். "உள்ள நடக்கறப்ப உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா அத்தை? சாமி கீமி?"

"பீங்கான் சில்லு தெரியும். ஆட்டாம்புழுக்கை தெரியும். கண்ணு தரையிலதான இருக்குது."

"மனசுக்குள்ள?"

"அவங்க பேரு. வேற எதையும் உள்ள வுடக் கூடாது. வுட்டா அது நமக்கு நடக்கற நட ஆயிடும்."

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் என் கணவர் வீரமணி மூச்சுத்திணறலோடு தருமபுரியில் கிடந்தார். யாரும் யார் வீட்டுக்கும் போகாத நாட்கள் அவை. அத்தை எங்கள் வாசலுக்கு வந்து, முந்தானையை மூக்கில் கட்டியபடி தானே ஏழு கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். வீரமணி பிழைத்து வந்தார். ஆக்சிஜனால் பிழைத்தார் என்பது எனக்குத் தெரியும். நான் எம்.எஸ்சி. படித்தவள், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். இருந்தாலும் அந்த ஏழு நாட்களும், மாலை ஐந்து மணி ஆனால் கோட்டைக்குள் ஒருவர் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு நடக்கிறார் என்ற நினைப்பில்தான் நான் சோறு தின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை தீபத்துக்கு ஓசூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்த முருகேஷ், காரிமங்கலத்துக்கு முன்னால் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். இருபத்தேழு வயது. கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த சின்னராஜ் பின்சீட்டில் இருந்தான். அவனுக்குக் கை மட்டும் முறிந்தது. முருகேஷுக்குத் தலை. தருமபுரி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் வைத்துக் கண்ணாடி அறைக்குள் கிடத்தியிருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். இரண்டாம் நாளே டாக்டர் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "மூளை வேலை செய்யறது ரொம்பக் கம்மியா இருக்கும்மா. பாப்போம்."

மூன்றாம் நாள் காலை அத்தை ஊருக்கு வந்தார். வீட்டைத் திறக்கவில்லை. தன் வாசலிலேயே குனிந்து ஏழு கற்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினார். அடுத்தவர் வாசற்கல்லை வாங்கிப் பழகிய கை, முதல்முறையாகத் தன் வாசற்கல்லைக் கொடுக்கப் போனது. எனக்கு அன்று விடுமுறை. நானும் கூடப் போனேன்.

முதலில் பாஞ்சாலி வீடு.

"எனக்கு மூட்டு வலி தீர்த்தா. உக்காந்தா எந்திரிக்க முடியல. எந்திரிச்சா உக்கார முடியல."

"நேத்து நூறு நாள் வேலையில ஏரிக்கரை மேல கூடை தூக்குனியாமே."

"அது தூக்கறது. இது நடக்கறது. அடிமேல் அடி வெக்கணுமே, அதுலதான் இழுக்குது. உனக்கு இல்லாத நடையா? ஆனா பாரு, முடியல."

அடுத்து மதியழகன் வீடு. முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவர். நெஞ்சு அடைப்புக்கு அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது அத்தை நடந்திருக்கிறார்.

"இந்தக் காலத்துல போயி இதையெல்லாம் நம்பிக்கிட்டு இருக்கறியே" என்றார் மதியழகன். "டாக்டருங்க பாத்துக்குவாங்க. வேணும்னா மேலிடத்துல சொல்லி ஒரு லெட்டர் வாங்கித் தரட்டா?"

"உங்க நெஞ்சுக்கு நான் நடந்தது எந்தக் காலங்கண்ணா?"

"அது வூட்ல பொம்பளைங்க வந்து சொன்னது. எனக்கே தெரியாது."

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் கல்லு நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க."

மதியழகன் சிரித்தார். "என்னான்னு கேக்காம குடுத்துட்டன் போல. நீ ஒண்ணு பண்ணு, காலேஜுப் பசங்க யாரையாச்சும் கேளு. விடுவிடுன்னு நடந்துருவானுங்க."

இன்னும் நான்கு வீடுகள். ஒருத்திக்கு மாதவிலக்கு. ஒருத்தியின் மாமியார், நோயாளியை விட்டுப் போன வினை நடந்தவர் வீட்டுக்கே வந்துவிடும் என்று வாசலிலேயே சொன்னார். இருபத்தைந்து வருஷமாக அது யார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் சட்டென்று குறைந்தது.

திரும்பி வருகையில் அத்தை முந்தானை முடிச்சைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். நான் சொன்னேன். "நான் நடக்கறன் அத்தை."

நின்று திரும்பினார். "உனக்கு ஸ்கூலு?"

"வேன் ஏழேகாலுக்குத்தான். அஞ்சரைக்கு எந்திரிச்சா முடிஞ்சுரும்."

முடிச்சை அவிழ்த்து ஏழு கற்களையும் என் கையில் கொட்டினார். உள்ளங்கையில் சூடாக இருந்தன. "பேர மட்டும் மறந்துராத. மத்ததெல்லாம் காலு பாத்துக்கும்" என்றார். அடுத்த பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் தொடங்கினேன். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மார்கழிக்கு முந்தைய பனி, கல்லும் மண்ணும் சில்லென்று காலைக் கடித்தன. நடுவுக்கு இரண்டு அடி தூரம் வரை கொண்டுபோய்விட்டுப் பாதை திரும்பும்போது இது என்ன விளையாட்டு என்றிருந்தது. இரண்டாம் நாள் முதுகு வலி. மூன்றாம் நாள் என் மூச்சும் காலும் ஒன்றாகப் போவதைக் கவனித்தேன். நான்காம் நாள் நடந்துவிட்டு வேனில் ஏறியபோது மனது கழுவிவிட்ட தரை போல் இருந்தது. பல வருஷமாக நான் அப்படி இருந்ததில்லை. ஐந்தாம், ஆறாம் நாட்களில் என் அப்பாவின் சாவு, வீரமணியோடு பேசாமல் விட்ட பேச்சுகள், மகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சுகமாக இருந்தது. ஆறாம் நாள் வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, மூன்று திருப்பங்களில் முருகேஷ் பேரை நான் சொல்லவே இல்லை.

ஏழாம் நாள் எழுந்தபோது மணி ஆறு நாற்பது. அரையாண்டுத் தேர்வு தொடங்கும் நாள், வினாத்தாள் கட்டு என் பொறுப்பு. மகளுக்கு டப்பா கட்டி, தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினேன். கோட்டையைத் தாண்டித்தான் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. நிறுத்தத்தில் ஊர்க்காரர் யாரும் இல்லை. நான் செருப்போடு கல் வரிசைகளைத் தாண்டித் தாண்டி நேராக நடுவுக்குப் போனேன். கையில் இருந்த கடைசிக் கல்லை அந்தக் குவியலில் போட்டேன். அப்படியே நேராகத் திரும்பித் தாண்டி வந்தேன். வருகையில் புடவைக் கரை தடுக்கி ஒரு கல் புரண்டதும் தெரியும். எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை. வேனில் உட்கார்ந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: கற்களுக்கும் மூளை நரம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது உண்மைதான். இன்றைக்கும் உண்மைதான்.

அன்று மாலை நாலு இருபதுக்கு வேனிலிருந்து இறங்கினேன். கோட்டைக்குள் தீர்த்தம்மாள் அத்தை நடந்துகொண்டிருந்தார்.

காப்பீட்டுக்கு ரேஷன் கார்டின் அசல் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அதை எடுக்க மூன்று மணிப் பேருந்தில் வந்திருக்கிறார். எடுத்துக்கொண்டு திரும்பிப் போக நிறுத்தத்துக்கு வந்தவர் கோட்டையைப் பார்த்திருக்கிறார். நான் புரட்டிவிட்ட கல் திரும்பவும் சரியாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி மண் கையால் அணைத்துவிடப்பட்டிருந்தது. அத்தையின் உள்ளங்கையில் ஒரு கல் இருந்தது. திரும்பப் போய்த் தன் வீட்டு வாசலிலிருந்து அவர் எடுத்து வந்த எட்டாவது கல்.

ரத்த சொந்தம் நடக்கக் கூடாது என்பது ஊரில் யாரைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நடந்தார். நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலியும் அதில் இருந்தாள். "ஐயோ, பெத்தவ எறங்கிட்டாளே" என்று அவள் வாய்க்குள் முனகியது கேட்டது.

கோட்டை வாசலில் இருந்த கல் மேல் ரேஷன் கார்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அதன்மேல் அத்தையின் பட்டன் போன். அது அடித்தது. திரையில் பேர் வராது, நம்பர் மட்டும்தான். நான் எடுத்தேன். சின்னராஜ்.

"அம்மாங்களா?"

"சோபனா டீச்சர் பேசறன். அவங்க உள்ள நடக்கறாங்க."

"அக்கா, ஒடனே வரச் சொல்லுங்க. பிரஷர் எறங்கிக்கிட்டே இருக்குதாம். டாக்டரு அம்மாவ உள்ள வுடறன்னுட்டாரு. கையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல உக்காரட்டும்ங்கறாரு. பொழுது தாங்காதாம்."

மணி நாலு இருபத்தைந்து. ஒன்பது நாட்களாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றவருக்கு உள்ளே போக அனுமதி வந்திருந்தது. என் ஸ்கூட்டி வீட்டில் நின்றது. கூப்பிட்டு அழைத்துப்போயிருந்தால் ஐந்து பத்துக்கு அவன் கையை அவர் பிடித்திருப்பார்.

அத்தை நடுவுக்குப் போய்விட்டுத் திரும்பத் தொடங்கியிருந்த நேரம். பாதை அவரை வெளிச்சுற்றுக்குக் கொண்டுவந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வரிசைக் கல்தான். குனிந்த தலை, அசையும் உதடு. கையில் போனோடு நான் வாய் திறந்தேன்.

கூப்பிடவில்லை.

உள்ளே இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்பதால் கூப்பிடவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நிறுத்தத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். காலையில் செருப்போடு எல்லாக் கல்லையும் தாண்டியவளுக்கு மாலையில் அந்த ஒரு வழக்கம் மட்டும் புனிதமாகிவிட்டது. உண்மை வேறு. கூப்பிட்டால் அவர் தலை நிமிர்வார். நிமிர்ந்தால் என் முகத்தைப் பார்ப்பார். அதற்குத்தான் பயந்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்கூட்டியைக் கொண்டுவந்து கோட்டை வாசலருகே நிறுத்திக் காத்திருந்தேன். நாலு ஐம்பதுக்கு அத்தை வெளியே வந்தார். சொன்னேன். கவரை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் நான் முறுக்கியபோது ஒரே ஒருமுறை பேசினார். "மெதுவா போ. உனக்கும் ஒரு புள்ள இருக்குது."

ஐந்து முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாடிப்படியில் சின்னராஜ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முருகேஷ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பதினாறு நாள் முடிவதற்குள் ஊர் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டது. ஏழு நாளும் சோபனா டீச்சர் சுத்தமாக நடந்தாள், பிழைத்துக்கொள்ளும் நேரத்தில் பெற்றவளே பொறுக்க முடியாமல் உள்ளே இறங்கிக் கெடுத்துவிட்டாள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்ட மதியழகன்தான் முதலில் சொன்னவர். "ரத்தம் நடக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சே பண்ணா என்ன பண்றது?" பெண்கள் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள். பிள்ளையை நடந்தே கொன்றவள். குழாயடியில், புளி மண்டியில், ரேஷன் கடை வரிசையில் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. அத்தை காதில் விழாமல் இருந்திருக்காது. ஒரு வார்த்தையில் அதை நிறுத்த என்னால் முடியும். ஏழாம் நாள் நான் நடக்கவில்லை என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. பள்ளிக்கூடம், பேர், வீரமணியின் முகம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது.

அத்தையும் சொல்லவில்லை.

அதன்பிறகு யாரும் அவரிடம் கல் கொண்டுவரவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம் சனிக்கிழமைகளில் வேனில் வரத் தொடங்கியது. மன அமைதிக்காக நடக்கிறவர்கள். தரையைக் கூட்டிக் கற்களைச் சரியாக வைக்க அத்தையை வைத்துக்கொண்டார்கள். வெள்ளை உடை போட்ட ஒரு பெண், உள்ளே நடக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும் அம்மா என்று அரைகுறைத் தமிழில் கேட்டாளாம். "காலு நோவும்" என்றாராம் அத்தை. அதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாளாம். இதைச் சொல்லி அத்தை சிரித்தார். முருகேஷ் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"போட்டோ எடுக்கறதுக்குக் கல்லத் தாண்டிக் குதிக்கறாங்களே அத்தை, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றேன். எந்தத் துணிவில் கேட்டேனோ.

"அவங்க தாண்டலாம். அவங்கவங்களுக்குத்தான நடக்கறாங்க" என்றார். துடைப்பத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புரட்டாசியில் விரல்களை எடுத்தார்கள். வெறுங்காலில் நடந்த புண் என்றார் டாக்டர். தைக்குப் பிறகு அத்தை படுக்கையை விட்டு எழவில்லை. நான் காலையும் மாலையும் கஞ்சி கொண்டுபோனேன். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "உங்களுக்காக நான் நடக்கட்டுமா அத்தை?"

அத்தை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வேணாம் சோபனா. வேனு வந்துரும் உனக்கு."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கஞ்சி தரையில் சிந்தியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு நாளு நல்லாதான் நடந்திருந்த. மண்ணுல பாத்தன். குதிகாலும் வெரலும் ஒட்டி ஒட்டி, அழகா இருந்துச்சு. ஏழாவதுதான் செருப்புத் தடம்."

"என்னாலதான் அத்தை..."

"உன்னால ஒண்ணும் ஆவல. அவன் மொத நாளே போயிட்டான்னு எனக்கும் தெரியும். டாக்டர் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"அப்ப எதுக்கு எறங்கி நடந்தீங்க?"

வெளியே யாரோ டிராக்டரை முடுக்கினார்கள். "ஊருல அத்தன பேருக்கும் ஏழு நாளு முழுசா ஆச்சு. அவனுக்கு மட்டும் ஆறுல நிக்கணுமா?" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போனு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நீ எடுத்துப் பேசனதும் கேட்டுச்சு. என்னான்னுதான் தெரியல. பக்கத்துல வந்து நின்னியே. கூப்புடுவன்னு பாத்தன்."

"கூப்புடக் கூடாதுன்னு..."

"கூப்புட்டிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்கள் இருந்தார். கஞ்சி குடித்தார், மாத்திரை போட்டுக்கொண்டார், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மாசி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் போய்விட்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

குளிப்பாட்டும்போதும் அவர்கள் அதைத்தான் பேசினார்கள். "எத்தன பேருக்கு நடந்த காலு, தன் புள்ளைக்குப் போயி எமனாயிருச்சே" என்று பாஞ்சாலி மூக்கைச் சிந்தினாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அந்தக் கால் என் இரண்டு கைகளுக்குள் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கழுவிக்கொண்டே இருந்தேன்.

நேற்றுப் பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு பாஞ்சாலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. மருமகளுக்கு வயிற்றில் கட்டி, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், வருகிற வாரம் ஆபரேஷன் என்றாள்.

"தீர்த்தாவும் போயிட்டா. கோட்டையில சக்தியே போச்சுன்னு மதியழகன் சொல்றாரு. எனக்கு அப்பிடித் தோணல. நீ முருகேசுக்கு ஏழு நாளும் ஒரு கொற இல்லாம நடந்தவ. அவதான் பொறுக்காம கெடுத்துக்கிட்டா. உன் நட சுத்தம் கண்ணு. ஊருக்கே தெரியும்."

முந்தானையை அவிழ்த்தாள். ஏழு கற்கள். அவள் வாசலில் பொறுக்கியவை. ஒன்றில் கோலமாவு ஒட்டியிருந்தது.

மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். பாஞ்சாலி கையை நீட்டியபடி நின்றாள். கண்ணில் உண்மையான பயம் இருந்தது. அத்தையும் அன்று இப்படித்தான் ஒவ்வொரு வாசலாக நின்றார்.

கற்களை வாங்கிக்கொண்டேன்.